கைப்பேசியில் பைதான், லுவா, ஹெர்மிஸ்: வாங்கிய நினைவகத்தை எது ஒழுங்காகத் திருப்பித் தருகிறது?

பைதான் என்ற நிரல்மொழியை நோக்கியா தன் சீரிஸ் 60 போன்களுக்காக 2004 கடைசியில் வெளியிட்டது. பைதான் பிடித்தவர்களுக்கு அது பெரிய சந்தோஷம். ஆனால் அந்தப் போன்களில் ஓடிய சிம்பியன் இயங்குதளம், ஒரு நிரலுக்குத் தானாகக் கொடுக்கும் ஸ்டாக் (ஃபங்ஷன்கள் ஓடும்போது பிடிக்கும் தற்காலிக இடம்) 8 கேபி, ஹீப்பின் (பொருள்கள் வாழும் இடம்) உச்சவரம்பு 1 எம்பி. கேட்டால் கூட்டித் தரும், சரி. இருந்தாலும் மேசைக் கணினியில் வளர்ந்த மொழி எவ்வளவு சின்ன வீட்டுக்குக் குடிவந்தது என்பதற்கு இந்த எண்களே போதும்.

இடம் குறைவு என்பதைவிடக் கடினமான சிக்கல் ஒன்று இருந்தது. அன்றைய சிம்பியனில் டிஎல்எல்லுக்குள் (நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நூலகக் கோப்பு) எழுதக்கூடிய குளோபல் மாறிகளை, அதாவது நிரல் முழுவதும் எட்டும் மாறிகளை, வைக்க முடியாது. சி மொழியில் எழுதிய பைதானின் மூலநிரலோ அவற்றால் நிரம்பியது. எண், சரம் போன்ற அடிப்படை வகைகள்கூட ஸ்டாட்டிக் பொருள்கள்தான். அவற்றுக்குள்ளேயே ரெஃபரன்ஸ் எண்ணிக்கை ஏறி இறங்கும்: பொருளை எத்தனை இடங்கள் பிடித்திருக்கின்றன என்ற கணக்கு அது, பூஜ்யமானால் பொருள் விடுபடும். அவற்றையெல்லாம் பெயர்த்தெடுத்து ஒரே ஸ்ட்ரக்டில் (மாறிகளின் தொகுப்பு) அடுக்கி, த்ரெட்டுக்குரிய (நிரலின் ஓர் ஓட்டத்துக்குரிய) சேமிப்பிடத்தில் வைக்க வேண்டியதாயிற்று. அப்புறம் சிம்பியன் பிழையைத் தெரிவிக்கும் முறையான ‘லீவ்’. நினைவகம் கிடைக்காவிட்டால் அது இடையில் நிற்கும் ஃபங்ஷன்களைத் தாண்டி மேலே குதித்துவிடும். வழியில் குறைக்க வேண்டிய எண்ணிக்கைகள் குறையாமலே நின்றுபோகும், அந்தப் பொருள்கள் ஆப் மூடும்வரை விடுபடாது. ஒவ்வொரு எல்லையிலும் ‘ட்ராப்’ போட்டு அந்த லீவைப் பிடித்து, பைதான் பிழையாக மாற்றித் தர வேண்டும். இதைப் பொறுமையாகச் செய்துமுடித்தவர்கள்மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு.

இதே வேலை லுவாவில் ஏன் சுலபம்? ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1993-இல் பிறந்த இந்த மொழி, இன்னொரு நிரலுக்குள் குடியிருப்பதற்கென்றே உருவானது. அதன் நிலை முழுவதும் ஒரே ஸ்டேட் பொருளுக்குள் அடங்கும். சி குளோபல்களை நம்பி இருப்பதில்லை. நினைவகம் கேட்பது, பெரிதாக்குவது, விடுவிப்பது எல்லாம் நாம் கொடுக்கும் ஒரே ஃபங்ஷன் வழியாக நடக்கும். ‘இந்த ஸ்கிரிப்டுக்கு 2 எம்பிக்கு மேல் கிடையாது’ என்று அங்கேயே நிறுத்திவிடலாம். 5.2 பதிப்பிலிருந்து, கேட்ட இடம் கிடைக்காவிட்டால் லுவா உடனே பிழை எறியாது. முதலில் குப்பையை (இனி யாருக்கும் தேவைப்படாத பொருள்களை) முழுதாகக் கூட்டிவிட்டு மறுபடி கேட்டுப் பார்க்கும். குப்பை கூட்டும் வேலையும் 2006-இல் வந்த 5.1 முதல் சிறு சிறு தவணைகளாக நடப்பதால் விளையாட்டின் நடுவே திரை திக்குவது குறைவு. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: குப்பை கூட்டும் சுற்றுகளுக்கு இடையிலான காத்திருப்பைச் சொல்லும் ‘பாஸ்’ அமைப்பின் இயல்பான மதிப்பு 5.4 பதிப்பு வரை 200. பயன்பாடு இரட்டிப்பாகும்வரை அடுத்த சுற்றைத் தொடங்காது என்று பொருள். போனில் அதைக் குறைத்துக்கொள்வது நல்லது.

பைதான் லுவாவை ஜெயிக்கும் இடமும் உண்டு. கேமரா எடுத்த ஒரு படம் பல எம்பி பிடிக்கும். லுவாவுக்கு அது சில பைட்டுகள் கொண்ட ஒரு சிறு பொருளாகத்தான் தெரியும். உண்மையான எடை சி பக்கம் இருக்கிறது. அதனால் அவசரமாகக் கூட்ட வேண்டும் என்று அதற்குத் தோன்றாது. பைதானில் கடைசி ரெஃபரன்ஸ் போன அந்த நொடியே படம் விடுபட்டுவிடும்.

ஹெர்மிஸ் வேறு கோணத்திலிருந்து வருகிறது. ரியாக்ட் நேட்டிவ் (ஜாவாஸ்கிரிப்டில் போன் ஆப் எழுதும் கட்டமைப்பு) ஆப்களுக்காக ஃபேஸ்புக் 2019-இல் வெளியிட்ட ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின் இது. 2022-இல் வந்த ரியாக்ட் நேட்டிவ் 0.70 பதிப்பிலிருந்து அங்கே அதுவே இயல்பான தேர்வு. ஆப்பைக் கட்டும்போதே நிரல் பைட்கோடாகிவிடுகிறது, அதாவது எஞ்சின் நேரடியாக ஓட்டக்கூடிய வடிவமாகிவிடுகிறது. போனில் அந்தக் கோப்பைப் படிக்க மட்டுமான பக்கங்களாக (நினைவகத்தின் சிறு துண்டுகளாக) நினைவகத்தில் பொருத்துகிறார்கள். ஆண்ட்ராய்டு, கணினியைப் போல வட்டில் ஸ்வாப் (ரேம் போதாதபோது பக்கங்களை ஒதுக்கிவைக்கும் இடம்) வைத்துக்கொள்வதில்லை. ரேம் நெருக்கினால் ஆப்களைக் கொல்லத் தொடங்கும். ஆனால் யாரும் எழுதாத கோப்புப் பக்கங்களைக் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) தயங்காமல் தூக்கிப்போடலாம், வேண்டும்போது மறுபடி படித்துக்கொள்ளலாம். பைதானில் இது வாய்க்காது. ஒரு பொருளைச் சும்மா பார்த்தாலே அதன் எண்ணிக்கை மாறும். மாறினால் அந்தப் பக்கம் அழுக்காகிவிடும், அப்புறம் அதைத் தூக்கிப்போட முடியாது. 2023-இல் வந்த பைதான் 3.12, சில பொருள்களின் எண்ணிக்கையை மாறாமல் நிறுத்திவைத்து இதை ஓரளவு தணித்தது.

விளையாட்டுக்குள் ஸ்கிரிப்ட் வேண்டுமென்றால் நான் யோசிக்காமல் லுவாவை எடுப்பேன். திரைகள் நிறைந்த ஆப்புக்கு ஹெர்மிஸ். பைதான் 3.13 ஆண்ட்ராய்டையும் ஐஓஎஸ்ஸையும் அதிகாரபூர்வமாக ஆதரிக்கத் தொடங்கியிருப்பதால், கணக்கீட்டு நூலகங்கள் தேவைப்படுபவர்கள் அந்தப் பக்கம் துணிந்து போகலாம். அப்படிப் போகிறவர்கள் பட்டன்களுக்குக் கால்பேக் (அழுத்தினால் ஓட வேண்டிய ஃபங்ஷன்) கொடுக்கும்போது கவனமாக இருங்கள்: திரை பட்டனைப் பிடித்திருக்கும், பட்டன் திரையின் மெத்தடைப் பிடித்திருக்கும், இரண்டின் எண்ணிக்கையும் பூஜ்யத்துக்கு வராது. சுழற்சியைத் தேடும் கலெக்டர் வரும்வரை அந்தத் திரையும் அதிலுள்ள படங்களும் ரேமிலேயே உட்கார்ந்திருக்கும். அங்கே ஒரு வீக்மெத்தட் (எண்ணிக்கையைக் கூட்டாத பிடி) போட்டுவிட்டால் திரை மூடியதும் எல்லாம் விடுபட்டுவிடும்.