ஊட்டியில் ஒரு துரைசாணியும் ஒரு சி ஃபார்மும்

ராத்திரி பதினொன்றே முக்கால் இருக்கும். கதவை யாரோ தட்டினார்கள். டொக், டொக். கொஞ்சம் விட்டு இன்னொரு டொக். என் மகள் கம்பளியைத் தலைவரை இழுத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள். பதின்மூன்று வயது, எடின்பரோவில் சிநேகிதிகளோடு பேய் டூர் போய்விட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பிய வீராங்கனை. "அம்மா, அவங்கதான்" என்றாள். அவள் சொன்னது வெள்ளை கவுன் போட்ட துரைசாணியை, நாங்கள் தங்கியிருந்த ஊட்டி ஓட்டலின் வெள்ளைக்காரப் பேயை. வீட்டுக்காரரின் குறட்டையில் ஒரு மாற்றமும் இல்லை.

எழுந்து போய்த் திறந்தேன். குரங்குக் குல்லா போட்ட ஒரு பையன், கையில் ஒரு நோட்டு. "தூங்கிட்டீங்களாக்கா? சி ஃபார்ம் ஒண்ணு போடணுங்க."

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மே மாதம் வந்தால் ஊட்டி. சேரிங் கிராஸ் பக்கம் ஏதாவது ஒரு லாட்ஜில் ஒரே ரூமில் எட்டுப் பேர், சாப்பாட்டுக்குப் புளிசாதத் தூக்கு, எல்லாருக்கும் ஒரே நிறத்தில் ஸ்வெட்டர். சாயங்காலம் நடக்கப் போகும்போது இந்த ஓட்டலின் கேட் வந்ததும் மாமா குரலைத் தாழ்த்துவார். "உள்ளே ஒரு துரைசாணி இருக்கா. ராத்திரி லாந்தரைப் பிடிச்சிட்டு வராண்டாவில நடப்பா." நாங்கள் கேட்டைத் தாண்டும் வரை ஓடுவோம். உள்ளே போக வேண்டும் என்றெல்லாம் அப்போது யாரும் நினைத்ததில்லை. அதற்குக் காசும் கிடையாது, பேய் பயமும் உண்டு. பதினெட்டு வருடம் ஸ்காட்லாந்தில் இருந்துவிட்டு, இந்த முறை அந்த கேட்டுக்குள் காரில் போய் இறங்கினேன். ஓட்டல் பெயரைச் சொல்லப்போவதில்லை. பெயரைப் போட்டு ஒருவர் பிழைப்பைக் கெடுப்பது என் வேலை இல்லை.

ஊட்டியில் இப்படி ஒரு கதை ஒட்டிக்கொள்ளாத பழைய கட்டடம் குறைவுதான். 1844இல் கட்டப்பட்டு, பிறகு மைசூர் மகாராஜாவின் கோடை அரண்மனையான ஃபெர்ன்ஹில்லைப் பற்றி ஒரு கதை உண்டு. படப்பிடிப்புக்கு வந்து தங்கியவர்களுக்கு ராத்திரி முழுக்க மேல்மாடியில் நாற்காலி இழுக்கிற சத்தமாம். காலையில் போய்ச் சண்டை போட்டால், "இதுக்கு மேல மாடியே கிடையாதுங்க" என்றார்களாம். நாங்கள் தங்கிய இடத்துக்கு அவ்வளவு புகழ் இல்லை. எங்கள் மாமா மட்டத்துப் பேய்தான்.

இ‑பாஸ், கல்லாறு செக்போஸ்ட், பிளாஸ்டிக் பாட்டில் சோதனை எல்லாம் பிரச்சினை இல்லாமல் முடிந்தன. மலை ரயிலுக்கு டிக்கெட் கிடைத்தது, திரும்பும்போது அதில்தான் இறங்கினோம், நன்றாக இருந்தது. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. சி ஃபார்முக்கு வருகிறேன்.

அதற்கு முன் குளிர். எடின்பரோவில் பனி பெய்துகொண்டிருக்கும்போது வீட்டுக்குள் டி‑ஷர்ட்டோடு இருக்கிறவள் நான். சுவரோரமாக ரேடியேட்டர் இருக்கும், அதன் மேல் துண்டைக் காயப்போடுவோம். இங்கே 2,240 மீட்டர் உயரத்தில், வெள்ளைக்காரன் தன் குளிருக்குப் பயந்து கட்டிய அறையில், மூன்று கம்பளிக்கு அடியில் பல் தந்தியடித்தது. அறையில் அழகான கணப்பு இருந்தது. கருங்கல், மேலே தேக்குச் சட்டம். அதற்குள்ளே பிளாஸ்டிக் ரோஜாக்கொத்து. விறகு போடலாமா என்று கேட்டதற்கு, "புகைபோக்கியை எப்பவோ அடைச்சாச்சுங்க, ஹீட்டர் வேணும்னா வாடகைக்குத் தர்றோம்" என்றார்கள். ராத்திரிக்கு ஐந்நூறு ரூபாய். ஹீட்டர் வந்தது, பிளக் சேரவில்லை. பிளக் சேர்ந்த இடத்தில் ஒயர் எட்டவில்லை. கடைசியில் கட்டிலை நகர்த்தினோம். அந்த நாற்காலி இழுக்கிற சத்தம் எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு.

சரி, சி ஃபார்ம். வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர் எந்த ஓட்டலில் தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரங்களை அவர்கள் அதிகாரிகளுக்கு ஆன்லைனில் அனுப்ப வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளிக்காரர்களுக்கு இந்தியா கொடுக்கும் ஓசிஐ அட்டை இருந்தாலும் விடமாட்டார்கள். இது விதி, எனக்கும் தெரியும். மத்தியானம் ரெண்டு மணிக்கு வந்து இறங்கியபோதே மூன்று பாஸ்போர்ட்டையும் ஓசிஐ அட்டைகளையும் மேசைமேல் வைத்தேன். பகல் ஷிப்டில் இருந்தவர் அட்டையை மட்டும் பார்த்துவிட்டு, "ஓ, இந்தியாதானே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். சந்தோஷமாகத்தான் இருந்தது. ராத்திரி ஷிப்டுக்கு வந்த பையன் நோட்டைப் புரட்டியிருக்கிறான். பெயரெல்லாம் தமிழ், முகவரி மட்டும் எடின்பரோ. அவனுக்குத் தூக்கம் போயிற்று. அதனால் எனக்கும்.

ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் என்று போனிலேயே போட்டோ எடுத்துக்கொண்டு போனான். பன்னிரண்டேகாலுக்கு மறுபடி டொக் டொக். "விசா நம்பர் கேக்குதுங்கக்கா." விசா இல்லை, இதுதான் என்று அட்டையை நீட்டினேன். "ஓசி கார்டுங்களா?" "ஓசிஐ. ஓசியில கொடுக்கலை தம்பி, ஃபீஸ் கட்டித்தான் வாங்கினேன்." சிரித்தான். நானும் சிரித்துத் தொலைத்தேன். பன்னிரண்டே முக்காலுக்கு மூன்றாவது தடவை. போட்டோ சைஸ் பெரிதாக இருக்கிறதாம், சர்வர் வாங்க மறுக்கிறதாம். அப்படியே சில கேள்விகள், வராண்டாவில் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றபடி.

"இந்தியாவுக்கு எந்தத் தேதி வந்தீங்க?"

சொன்னேன்.

"இங்கிருந்து அடுத்து எங்க போறீங்க?"

"கோயம்புத்தூர்."

"எந்த ஓட்டலுங்க?"

"அம்மா வீடு."

கொஞ்சம் யோசித்தான். "வந்த நோக்கம்?"

அதற்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவனே "டூரிசம்னு போட்டுக்கறேங்க" என்றான்.

பிரிட்டனிலும் இப்படி ஒரு விதி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் வருடத்து ஆணை. ஓட்டலில் தங்கும் வெளிநாட்டவர் பாஸ்போர்ட் எண்ணையும் அடுத்து போகும் இடத்தையும் கொடுக்க வேண்டும். ஆனால் காமன்வெல்த் குடிமக்களுக்கு அந்தத் தொல்லை கிடையாது. பெயரும் தேசமும் போதும். அதாவது, இந்திய பாஸ்போர்ட்டோடு ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸில் அறை எடுத்தபோது, "அடுத்து எங்கே போகிறாய்" என்று என்னை யாரும் கேட்கவில்லை. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு, நான் பிறந்த ஊரிலிருந்து மூன்று மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஊட்டிக்கு வந்தால் கேட்கிறார்கள். விதியில் தப்பில்லை. அது என் மேல் விழும் நேரத்தில்தான் ஏதோ தப்பு.

விடிந்ததும் வெளியே வந்தேன். கேட் பக்கம் வயதான வாட்ச்மேன் ஒருவர் தீ மூட்டிக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார். யூகலிப்டஸ் சருகு எரிகிற வாசனை, அப்படியே தைலக் குப்பியைத் திறந்த மாதிரி; அதற்காகவே இன்னொரு ராத்திரி தூங்காமல் இருக்கலாம். துரைசாணியைப் பற்றிக் கேட்டேன்.

"முப்பது வருசமா நைட் டூட்டிங்க அம்மணி. நான் பாத்ததில்லை. பாத்தேங்கிறவங்க எல்லாம் ரூம் எடுத்தவங்கதான்." அப்புறம் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். "பேயைப் பத்திப் பேசக்கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க. புக்கிங் போயிருமாம்."

எடின்பரோக்காரன் கேட்டால் நெஞ்சு வெடித்துவிடும். அங்கே கிரேஃப்ரையர்ஸ் கல்லறைத் தோட்டத்தில், 1691இல் செத்துப்போய்ப் பேயாக உலவுவதாகச் சொல்லப்படும் ஜார்ஜ் மெக்கென்சியின் சமாதியை இருட்டில் காட்டவே டிக்கெட் போடுகிறார்கள். மேரி கிங்ஸ் க்ளோஸ் என்று தரைக்கடியில் ஒரு சந்து, அதற்கு முன்பதிவு. பேய் அங்கே ஊர் வருமானத்தில் ஒரு பங்கு. இங்கே ஓசியில் ஒரு துரைசாணி கிடைத்தும் ஒளித்து வைக்கிறார்கள்.

"அந்தம்மாவுக்கு சி ஃபார்ம் போட்டாச்சுங்களா?" என்று கேட்டேன். எரிச்சலில் சொன்னதுதான். அவர் சிரிக்கவில்லை. "அவங்க வந்தப்ப ஊரே அவங்களுதுங்க அம்மணி. அவங்கதான் நமக்கு ஃபார்ம் போட்டாங்க" என்று சொல்லிவிட்டு இன்னும் ரெண்டு சுள்ளியைத் தீயில் போட்டார்.

பத்து மணிக்கு செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச்சுக்குப் போனோம். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் லால்பாக் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்த மரத்தால் கூரை போட்டது. ஊட்டியை உருவாக்கிய கலெக்டர் ஜான் சல்லிவனின் மனைவி ஹென்ரியட்டாவும் அவர்கள் மகளும் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். இரண்டு சாவும் 1838இல். என் மகள் அந்த இடத்தில் ரொம்ப நேரம் நின்றாள். மாமா சொன்ன துரைசாணி இவரா என்று கேட்டாள். மாமாவுக்கு சல்லிவன் பெயரே தெரியாது என்று சொன்னேன்.

நான்காவது தட்டலைச் சொல்ல மறந்துவிட்டேன். காலை ஆறு மணிக்கு. இந்த முறை நிஜமாகவே கத்தத் தயாராகிக் கதவைத் திறந்தேன். அதே பையன், தட்டில் மூன்று டீ, ஒரு பேப்பரில் வர்க்கி, அந்த ஊட்டி பிஸ்கட். "ராத்திரி எழுப்பிட்டே இருந்துட்டேனுங்கக்கா, இது பில்லுல வராது." நூறு ரூபாய் நீட்டினேன், வாங்கவில்லை. அவன் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகும் நேரம் அது. டீயில் வர்க்கியை முக்கிச் சாப்பிட்டேன். மேலே மொறுமொறுப்பு, முங்கினதும் அப்படியே கரைகிற அந்த நெய் வாசனை. எடின்பரோவில் ஷார்ட்பிரெட்டை டீயில் முக்கிப் பார்த்து ஏமாந்த பதினெட்டு வருடம் ஒரு நிமிடத்தில் வந்து போயிற்று. பையன் மேல் கோபப்பட முடியவில்லை. பகல் ஷிப்ட்காரர் மேல் இன்னும் இருக்கிறது.

என்னைப் போல் வெளிநாட்டு பாஸ்போர்ட்டோடு போகிறவர்கள், பாஸ்போர்ட்டும் ஓசிஐ அட்டையும் ஆளுக்கு ரெண்டு காப்பி எடுத்துப் போங்கள். சின்ன சைஸ் போட்டோவைப் போனிலேயே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ரிசப்ஷனில் வேண்டாம் என்றாலும், "சி ஃபார்ம் போட்டாச்சா" என்று கேட்டு, அவர்கள் போட்டு முடிக்கும் வரை மேசையை விட்டு நகராதீர்கள். வெந்நீர் ஆறிலிருந்து ஒன்பது வரை என்று போர்டில் போட்டிருக்கும், நம்ப வேண்டாம். பாத்ரூமிலேயே கீசர் இருக்கிறது. அதன் ஸ்விட்ச் கட்டிலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. கட்டிலை நகர்த்தினால்தான் தெரியும்.