பம்ப் நிறுவனம் கைமாறினால் வால்வுக்கு எங்கே போவது?

மதியம் இரண்டு மணி. அலுவலகத்துப் பாலூட்டும் அறையில் கதவைத் தாழிட்டு உட்கார்ந்திருந்தேன். தாய்ப்பால் எடுக்கும் பம்ப் ஓடியது, வழக்கமான சத்தமும் வந்தது, பால் மட்டும் வரவில்லை. கழற்றிப் பார்த்தால், வாத்தின் அலகுபோல் இருக்கும் அந்தச் சிறிய சிலிக்கான் வால்வு ஓரத்தில் கிழிந்திருந்தது. மாற்று வால்வு கேட்டு, பம்ப் வாங்கிய கடையை அழைத்தேன். "அக்கா, அந்த நிறுவனம் கைமாறிவிட்டது. புது முதலாளி இன்னும் சரக்கு அனுப்பவில்லை" என்றார் அங்கிருந்த இளைஞர். பெயர் வேண்டாம், கீழே நான் பெயர் சொல்லி எழுதும் நிறுவனங்களில் ஒன்றல்ல. மார்பு கல்லாகக் கனக்க, செங்காங் வரை நின்றுகொண்டே எம்ஆர்டி ரயிலில் வந்ததை மறக்க முடியவில்லை.

அன்றிலிருந்து யாராவது "எந்தப் பம்ப் நல்லது?" என்று கேட்டால், உறிஞ்சும் விசை, எடை, சத்தம் ஆகியவற்றை எல்லாம் இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டேன். நான் முதலில் பார்ப்பது, அந்த நிறுவனம் நாளை விற்கப்பட்டால் வால்வு எங்கே கிடைக்கும் என்பதை. சிங்கப்பூரில் மகப்பேறு விடுப்பு 16 வாரம். 2026 ஏப்ரல் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பெற்றோர் பகிர்ந்துகொள்ளும் விடுப்பு 10 வாரம் வருகிறது. விடுப்பு எல்லாம் முடிந்த பிறகும் ஓராண்டு வரை தாய்ப்பால் கொடுக்க நினைக்கும் தாய்க்கு, பம்ப் பல மாதம் தினமும் இரண்டு மூன்று முறை உழைக்க வேண்டும். வால்வோ இரண்டு மூன்று மாதத்தில் தளர்ந்துவிடும். அடிக்கடி எடுப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம். ஆக, ஒரு பம்ப் வாங்கும் நாளிலேயே நாலைந்து செட் வால்வுக்கும் சேர்த்துத்தான் வாங்குகிறோம்.

நிறுவனங்கள் கைமாறுவது எல்லாம் ஒரே மாதிரி இல்லை. பால்புட்டி செய்த பிரிட்டனின் அவென்ட்டை 2006இல் ஃபிலிப்ஸ் வாங்கியது. அமெரிக்காவில் முலைக்காம்புக் களிம்புக்குப் பேர்போன லேன்சினோவை ஜப்பானின் பிஜியன் 2004இல் வாங்கியது. இரண்டிலும் பெட்டியின்மேல் இருந்த பெயர் நீடித்தது, பொருளும் தொடர்ந்து வந்தது. இதைக் கல்யாணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

மாக்ஸ்லியின் கதை வேறு. சட்டைக்குள்ளேயே வைத்துப் பால் எடுக்கும்படி, மற்றவர்களின் பம்ப் மோட்டாரோடு பொருந்தும் பாகங்களைச் செய்த சிறிய அமெரிக்க நிறுவனம் அது. 2017இல் பெரிய பம்ப் நிறுவனமான மெடெலா அதை வாங்கியது. பிறகு அந்தப் பெயரில் விற்பனையே நின்றுபோனது. பெரிய மீன் விழுங்கியது, அவ்வளவுதான்.

நயாவின் முடிவு இதைவிட மோசம். வாங்கிக்கொள்ளக்கூட ஆள் இல்லாமல் செத்தது. காற்றுக்குப் பதிலாக நீரின் அழுத்தத்தால் இயங்கிய அந்த அமெரிக்கப் பம்ப்பின் விலை 999 அமெரிக்க டாலர். 2018இல் நிறுவனம் மூச்சை நிறுத்தியபோது, வைத்திருந்தவர்களுக்கு மாற்றுப் பாகம் கிடைக்கவில்லை. அதன் பாகங்கள் வேறு எதனோடும் பொருந்தாது. ஆயிரம் டாலர் பொருள், பரணுக்குப் போனது.

கடைசி வகைதான் இன்று பலரையும் தொடுவது. சட்டைக்குள் அணியும் பம்ப் என்ற சந்தையைத் திறந்தவை இரண்டு பெயர்கள்: அமெரிக்காவின் வில்லோ, லண்டனின் எல்வி. வில்லோ 2017இல் வந்தது, எல்வியின் பம்ப் 2018இல். ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு வளர்ந்த இரண்டும் இப்போது ஒரே கூரைக்குள். 2025 மார்ச்சில் எல்வி நிதி நெருக்கடியில், நொடித்த நிறுவனங்களைப் பொறுப்பேற்கும் திவால் நிர்வாகிகளின் கைக்குப் போனது, வில்லோ அதை வாங்கிக்கொண்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பெற்றோர் பலரும் ஏமாறுவது இங்கேதான். ஒரு நிறுவனத்தையே முழுதாக வாங்கினால், அதன் கடன், உத்தரவாதம், வழக்கு எல்லாம் கூடவே வந்துவிடும். நொடித்த நிறுவனத்தின் சொத்துகளை மட்டும் வாங்கினால் அப்படி அல்ல. பெயர், காப்புரிமை, பாகங்களை வார்க்கும் அச்சு, கிடங்கில் உள்ள சரக்கு ஆகியவை புது முதலாளிக்கு வரும். பழைய உத்தரவாதச் சீட்டு பழைய நிறுவனத்தோடு நின்றுவிடலாம். புது முதலாளி நல்ல மனதோடு அதை மதிக்கலாம், மதிக்காமலும் போகலாம். அதனால் ஒரு நிறுவனம் விலைக்குப் போனது என்ற செய்தி வந்தால் நான் தேடுவது, எவ்வளவுக்குப் போனது என்பதை அல்ல. முழுதாகப் போனதா, துண்டாகப் போனதா என்பதை.

நமக்கு இதில் ஒரு சிறிய கவசம் உண்டு. 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள, 'லெமன் சட்டம்' என்று எல்லோரும் சொல்லும் விதிப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால் அது விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று காட்டும் பொறுப்பு விற்றவருடையது. கவனியுங்கள், விற்றவர்; தயாரித்தவர் அல்ல. லண்டனில் யார் திவாலானாலும், இங்கே கடை வைத்திருப்பவர் பழுதுபார்த்தோ மாற்றியோ கொடுக்க வேண்டியிருக்கும். முடியவில்லை என்றால் விலைக்குறைப்போ பணமோ கேட்கலாம். ஒத்துவரவில்லை என்றால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. இணையத்தில் நூறு வெள்ளி மலிவு என்று வெளிநாட்டிலிருந்து நேராகத் தருவிப்பவர்கள் இந்தக் கவசத்தைக் கையில் பிடித்திருப்பது கடினம். மலிவு என்பதும் முன்போல் இல்லை; 2023 முதல் தபாலில் வரும் சிறிய பார்சலுக்கும் பொருள் சேவை வரி உண்டு, இப்போது அது 9 விழுக்காடு. அமெரிக்காவுக்கென்று செய்த மின்னேற்றி நம் 230 வோல்ட்டுக்கு ஏற்றதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இனி எதிரெதிராக வைத்துப் பார்க்கலாம்.

மேசையில் வைத்து, குழாய் மாட்டி எடுக்கும் பம்ப்களில் இங்கே அதிகம் கேள்விப்படும் பெயர்கள் சுவிட்சர்லாந்தின் மெடெலா, தென்கொரியாவின் ஸ்பெக்ட்ரா. அழகில் மதிப்பெண் இல்லை. ஸ்பெக்ட்ராவைப் பார்த்த என் மாமியார், "இது என்ன, மீன் தொட்டிக்குக் காற்றடிக்கிற மோட்டாரா?" என்று கேட்டார். ஆனால் என் அளவுகோலில் முதலிடம் இந்த வகைக்குத்தான். இந்த இரண்டுக்கும் பொருந்தும் வால்வு, குழாய், மார்பில் வைக்கும் புனல் ஆகியவற்றை வேறு பலரும் செய்து விற்கிறார்கள். நாளை அசல் நிறுவனம் யார் கையில் போனாலும் வால்வுக்கு வழி இருக்கும். ஸ்பெக்ட்ராவில் பால் குழாய்க்குள் ஏறாமல் தடுக்கும் மூடிய அமைப்பு உண்டு; இன்னொருவரிடமிருந்து வாங்க நேர்ந்தாலும் மோட்டாருக்குள் பூஞ்சை பிடித்திருக்குமோ என்ற பயம் குறைவு. ஸ்பெக்ட்ராவின் எஸ்1 மாதிரிக்கும் எஸ்2 மாதிரிக்கும் முக்கிய வித்தியாசம் மின்கலம். எஸ்1இல் உண்டு, எஸ்2இல் இல்லை. வீட்டை விட்டு எடுத்துப் போகாதவருக்கு எஸ்2 போதும்.

அணியும் உயர்விலைப் பம்ப்களில், அதாவது இன்று ஒரே வீட்டுக்காரர்களான எல்வி, வில்லோ இரண்டிலும், வசதியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சட்டைக்குள் வைத்துக்கொண்டு மின்னஞ்சல் எழுதலாம், மூத்த பிள்ளைக்குச் சோறு ஊட்டலாம். எல்வி வந்தபோது அமெரிக்காவில் ஒற்றைக்கு 279 டாலர், இரட்டைக்கு 499 டாலர். கோப்பை, வால்வு, மூடி எல்லாம் அதனதன் வடிவத்துக்கே செய்தவை. பம்ப்போடு சேர்ந்த கைப்பேசிச் செயலியும் அவர்களுடையது. போட்டியாளர் இருவர் ஒருவரான பிறகு, ஒரே வேலையைச் செய்யும் இரண்டு மாதிரிகளுக்கு இரண்டு வகை வால்வை எவ்வளவு காலம் அச்சடித்துக்கொண்டிருப்பார்கள்? எது நிற்கும், எது போகும் என்று நான் ஜோசியம் சொல்லவில்லை. ஆனால் ஏதோ ஒன்று போகும் என்று எண்ணித்தான் வாங்க வேண்டும். வாங்குகிறவர்கள் அன்றே நாலு செட் உபரிப் பாகம் சேர்த்து வாங்கிவிடுங்கள். செயலி இல்லாமலும் பொத்தானை அழுத்தி ஓட்ட முடியுமா என்று கடையிலேயே சோதித்துப் பாருங்கள்.

இந்த இணைப்புகளின் கணக்கு நமக்காகப் போடப்பட்டது இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அமெரிக்காவில் தாய்மார்களின் பம்ப்புக்குக் காப்பீடு பணம் தருகிறது. அங்கே போட்டி, காப்பீட்டு நிறுவனங்களின் பட்டியலில் இடம் பிடிக்க. இங்கே முழுப் பணமும் நம் பையிலிருந்து. 2018இல் ஊபர் தன் தென்கிழக்காசிய வணிகத்தை கிராபிடம் கொடுத்தபோது, நம் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் தலையிட்டு இருவருக்கும் சேர்த்து ஏறக்குறைய 13 மில்லியன் வெள்ளி அபராதம் போட்டது. டாக்சிக்கு நின்ற ஆணையம் வால்வுக்கும் நிற்கும் என்று நான் காத்திருக்கப் போவதில்லை.

மலிவான அணியும் பம்ப்கள், மாம்கோசி போன்ற சீனத் தயாரிப்புகள், எனக்கு ஒரு வியப்பு. அவற்றை இளக்காரமாகத்தான் பார்த்திருந்தேன். ஆனால் வால்வுக் கணக்கில் உயர்விலைக்காரர்களை இவை முந்துகின்றன. பல மாதிரிகளில் சாதாரண வாத்தலகு வால்வு பொருந்திவிடும், 24 மில்லிமீட்டர் புனலுக்குள் சிறிய அளவுச் செருகி போட்டுக்கொள்ளலாம். நிறுவனமே காணாமல் போனாலும் அதேபோல் இன்னொன்று இணையக் கடையில் இருக்கும். குறை, மோட்டாரின் ஆயுள். இதை மட்டும் நம்பி வேலைக்குத் திரும்புவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

வாடகை என்ற வழியை நாம் மறந்தே போகிறோம். மெடெலாவின் சிம்ஃபனி மருத்துவமனைகளில் பலர் பயன்படுத்தவே செய்தது. மோட்டார் பொது, பால் படும் பாகங்கள் அவரவருக்குத் தனி. குறைமாதக் குழந்தை மருத்துவமனையில் இருக்க, வீட்டிலிருந்து பால் எடுத்துப் போக வேண்டிய தாய்க்கு இதைவிடச் சரியானது எனக்குத் தெரியவில்லை. இயந்திரம் பழுதானால் அது வாடகைக்கு விட்டவரின் தலைவலி. கைப்பம்ப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்று வாங்கிப் பையில் போட்டுவையுங்கள். அன்று மதியம் என்னிடம் ஒன்று இருந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

நான் இப்போது வைத்திருப்பது வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் கடையில் வாங்கிய ஸ்பெக்ட்ரா ஒன்று, வழிக்கு மலிவான அணியும் பம்ப் ஒன்று. பாகங்களைக் கழுவி வெந்நீரில் போடுவது கணவரின் வேலை. வால்வை வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்துக் கிழிசல் பார்ப்பதில் அவருக்கு இப்போது என்னைவிடக் கண் கூர்மை. கேரோசலில் பழைய பம்ப் விற்கும் விளம்பரங்களைப் படிப்பதும் அவர்தான். 'உபரி வால்வு உண்டு' என்ற வரி இல்லை என்றால் அடுத்ததற்குப் போய்விடுகிறார்.

போன வாரம் தங்கை அழைத்தாள். அவளுக்கு இது ஏழாம் மாதம். மேலே எழுதியதையெல்லாம் ஏறக்குறைய அரை மணி நேரம் அவளுக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி அக்கா, அந்த ஸ்பெக்ட்ரா இளஞ்சிவப்பு மட்டும்தானா, நீலத்திலும் வருமா?" என்றாள்.