மினோல்டா எம்டி 35-70 எஃப் 3.5: லென்ஸ் சரி, அடாப்டர் சரியா?

ஃபிலிம் காலத்து ஜூம் என்றாலே முகம் சுளிப்பவர்கள்கூட இதை ஒதுக்குவதில்லை. குவியதூரத்தை 35இலிருந்து 70 மி.மீ. வரை எங்கே நிறுத்தினாலும் முழுக்கத் திறந்த அப்பர்ச்சர் (ஒளி புகும் துளை; எண் குறைந்தால் துளை பெரிது) எஃப் 3.5தான், ஜூமுக்கும் ஃபோகஸுக்கும் தனித்தனி வளையம். 1972இல் மினோல்டாவும், லைகா கேமராக்களைத் தயாரித்த லைட்ஸ் நிறுவனமும் கூட்டு சேர்ந்ததைச் சாக்காக வைத்து "உள்ளே லைகா" என்று விலையேற்றி விற்பவர்கள் உண்டு. அதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தரவேண்டாம்.

சோனி ஏ7 வரிசையில் மாட்டியதும் படம் மொழுக்கென்று வந்தால், லென்ஸைத் திட்டுவதற்குமுன், பழைய லென்ஸைப் புதுக் கேமராவோடு இணைக்கும் வளையமான அடாப்டரைப் பாருங்கள். மினோல்டாவின் மவுண்டுக்கும் (கேமராவில் லென்ஸ் பொருந்தும் இடம்) ஃபிலிமுக்கும் இடைவெளி 43.5 மி.மீ., சோனி இ மவுண்டில் சென்சாருக்கு 18. ஆக அடாப்டர் 25.5 மி.மீ. தடிமன் இருந்தாகவேண்டும். மலிவு அடாப்டர்கள் பலவும் ஒரு மயிரிழை மெலிந்தே இருக்கும். அப்படி இருந்தால், தூரத்துக் காட்சிக்கு ஃபோகஸ் எட்டவில்லை என்று யாரும் திருப்பி அனுப்பமாட்டார்கள் அல்லவா! ஜூம் இல்லாத லென்ஸில் இது தெரியாது. ஜூமில் மாட்டிக்கொள்ளும். 0.1 மி.மீ. குறைந்தாலே, தொலைதூரக் கோபுரம் தெளிய 70இல் வளையத்தைச் சுமார் 50 மீட்டருக்கும், 35இல் சுமார் 12 மீட்டருக்கும் வைக்கவேண்டிவரும். 70இல் ஃபோகஸ் செய்துவிட்டு 35க்கு வந்தால் மங்கிப்போவது இதனால்தான்.

சோதிப்பது எளிது. 35இல் வைத்து, எஃப் 3.5இல், ஃபோகஸ் வளையத்தை முடிவிலி முட்டும்வரை திருப்பி, அரை கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள செல்போன் கோபுரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வளையத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்தால்தான் தெளிகிறது என்றால் அடாப்டர் மெலிவு. அடாப்டரின் திருகுகளைக் கழற்றி, அதன் மவுண்ட் வளையத்துக்கு அடியில் 0.05 மி.மீ. தடிமனுள்ள கேப்டான் டேப்பை (மெல்லிய பிளாஸ்டிக் டேப்) சுற்றிலும் சம உயரத்தில் ஒட்டி மறுபடி பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் படத்தின் ஒரு ஓரம் மங்கும்.

வெளிச்சத்துக்கு வருவோம். எஃப் 3.5இல் நடுப்பகுதி கூர்மை, 35இல் ஓரங்கள் தளர்வு. எஃப் 8இல் அந்தக் குறை பெரும்பாலும் போய்விடும். எதிர்வெயிலில் படம் முழுக்க வெண்திரை படரும். பாதிக் குற்றம் அடாப்டரின் பளபளப்பான உட்சுவருக்கு. உள்ளே கறுப்பு வெல்வெட் தாள் ஒட்டினால் கறுப்பு கறுப்பாகவே வரும். மீதியைச் சமாளிக்க, லென்ஸுக்கு மேலே கையைக் குடையாகப் பிடித்தால் போதும்.

மாலையில் எஃப் 3.5இல் திறந்துவைத்து, பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்தபின் எஃப் 5.6க்கு மூடுங்கள். மூடியபடி பார்த்தால் திரை புள்ளியடிக்கும். ஃபோகஸான விளிம்புகளைக் காட்டும் பீக்கிங் கோடுகளும் கண்ட இடத்தில் மின்னும். எல்.இ.டி. விளக்கடியில் எலக்ட்ரானிக் ஷட்டர் வேண்டாம். நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/50 அல்லது 1/100 நொடியில் வரிகள் பெரும்பாலும் விழாது.

கேமராவில் ஸ்டெடிஷாட் (சென்சாரை நகர்த்திக் கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி) இருந்தால், அதற்குக் குவியதூரத்தை நீங்கள்தான் சொல்லவேண்டும். 70 என்று பதிந்துவிட்டு 35இல் எடுத்தால், சென்சார் தேவைக்கு இரு மடங்கு நகர்ந்து தானே ஆட்டத்தை உண்டாக்கும். அடிக்கடி ஜூம் மாற்றுபவர்கள் 35 என்றே வைத்துவிடலாம். 70இல் பலன் குறையும், ஆனால் கெடுதல் இல்லை. லென்ஸ் இல்லை என்று கேமரா நினைத்தாலும் படமெடுக்கவிடும் "ரிலீஸ் வித்அவுட் லென்ஸ்" அமைப்பை இயக்காவிட்டால் சில கேமராக்களில் ஷட்டரே விழாது.

வாங்கும்போது அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்புறமிருந்து டார்ச் அடித்துச் சாய்த்துப் பாருங்கள். நாலைந்து தூசி பரவாயில்லை. சிலந்திவலைபோல் கிளை விட்டிருந்தால் பூஞ்சை. பால்போல் படர்ந்திருந்தால் மூட்டம். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் வீட்டுக்கு வந்தபிறகும் பூஞ்சை பிடிக்கும், 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் டிரை பாக்ஸில் வையுங்கள்.