செங்கோட்டையிலிருந்து சிங்கப்பூர்: திருவனந்தபுரமா, மதுரையா, கொச்சியா?

கடையநல்லூர் மதினி சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்க்கப் போவதென்று முடிவானதும் வீட்டில் எழுந்த முதல் சண்டை விசாவைப் பற்றியது அல்ல. எங்கே போய் ஏறுவது என்பதுதான். "மதுரைன்னா நம்ம ஊரு, நம்ம பாஷை. மலையேறி இறங்கி அங்கன போயி எதுக்கு தம்பி ராத்திரில நிக்கணும்?" என்றார் மதினி. அண்ணன் திருவனந்தபுரம் கட்சி. இரண்டு பக்கமும் போய் வந்தவன் என்பதால் தீர்ப்பு சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. அன்று காபி ஆறுவதற்குள் அரைகுறையாகச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் தூரம். தென்காசிப் பக்கம் கேரள எல்லையோரம் இருக்கிற எங்கள் செங்கோட்டையிலிருந்து திருவனந்தபுரம் ஏறக்குறைய 110 கி.மீ., மதுரை 160 கி.மீ. கொச்சி விமான நிலையம் இருக்கிற நெடும்பாசேரி 200-ஐத் தாண்டும். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடுதான் இருந்தது. எங்கள் தாத்தா காலத்தில் கோர்ட்டு, கச்சேரி என்று பெரிய காரியம் எதுவானாலும் திருவனந்தபுரம்தான். அந்தப் பழக்கமோ என்னவோ, இங்கே பலருக்கு விமானம் என்றாலே கால் தானாக மேற்கே திரும்பிவிடும்.

ஆனால் கிலோமீட்டரை நம்பி நேரம் குறிக்காதீர்கள். எல்லைச் செக்போஸ்ட் இருக்கிற புளியரை தாண்டியதும் மலைப்பாதை. ஆரியங்காவு, தென்மலை, அங்கே இடப்பக்கம் திரும்பினால் குளத்துப்புழை, மடத்தறை, பாலோடு, நெடுமங்காடு. ரோடு நல்ல ரோடுதான், ஆனால் வளைவுக்கு வளைவு முன்னால் ஒரு டிப்பர் லாரி ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு முக்கி முக்கி ஏறும். மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மதுரை ரோடு சமதரை என்றாலும் புளியங்குடி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று ஊர் ஊராகப் புகுந்துதான் போக வேண்டும். அதற்கும் கிட்டத்தட்ட அதே நேரம். ஆக, 50 கி.மீ. வித்தியாசம் கடிகாரத்தில் தெரியாது. கார்த்திகை, மார்கழியில் கணக்கு இன்னும் மாறும். சபரிமலை வண்டிகள் ஆரியங்காவு வழியாகத்தான் வரிசை கட்டும். அந்த இரண்டு மாதமும் நான் மதுரை கட்சி.

வாடகைக் கார் என்றால் இன்னொன்று. நம்ம ஊர் டாக்ஸி கேரளாவுக்குள் போக பெர்மிட், வரி எல்லாம் இருக்கிறது. டிரைவரிடம் முன்கூட்டியே கேட்டு வைக்காவிட்டால், நடுச்சாமத்தில் செக்போஸ்டில் நின்றுகொண்டு அவர் போனில் பணம் கட்டுவதை நீங்கள் வேடிக்கை பார்க்க வேண்டி வரும்.

இப்போது விமானம். இங்கேதான் திருவனந்தபுரம் வெகுதூரம் முன்னே போய்விடுகிறது. மதுரை ஓடுபாதை சுமார் 2.3 கி.மீ., திருவனந்தபுரம் ஓடுபாதை சுமார் 3.4 கி.மீ. நீளம் குறைந்தால் பெரிய விமானம் நிறைய எடையோடு இறங்கி ஏற முடியாது. மதுரையிலிருந்து கொழும்பு, துபாய் என்று கைவிரலில் எண்ணக்கூடிய ஊர்களுக்குத்தான் நேரடி சேவை. திருவனந்தபுரத்தில் கொழும்பு, மாலத்தீவு, சிங்கப்பூர், கோலாலம்பூர், வளைகுடாவில் பாதி ஊர்கள் எல்லாம் உண்டு. போட்டி இருப்பதால் டிக்கெட்டும் பல நேரம் மலிவு. மதுரையில் ஏறி சென்னையில் மாறிப் போகலாம்தான். குடியேற்றச் சோதனை சென்னையில் நடக்கும், நடுவில் ஒரு கட்டடம் விட்டு இன்னொரு கட்டடத்துக்கு அலைச்சல். முழங்கால் வலிக்காரர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

திருவனந்தபுரத்தில் தெரிந்துகொண்டு போக வேண்டியது இரண்டு. ஒன்று, உள்நாட்டு முனையம் சங்குமுகம் கடற்கரைப் பக்கம். வெளிநாட்டு முனையம் சாக்கை பக்கம். நடுவில் ஓடுபாதை. முதல் தடவை போனபோது எங்கள் டிரைவர் 'ஏர்போர்ட்' என்று எழுதியிருந்த முதல் பலகையைப் பார்த்து வண்டியைத் திருப்பிவிட்டார். சங்குமுகத்தில் இறங்கி, பெட்டிகளை இறக்கி, வாசலில் டிக்கெட்டை நீட்டினால் காவலர் சிரிக்கிறார்: "சேட்டா, இது அல்ல, அப்புறத்து." திரும்பவும் பெட்டிகளை ஏற்றி, சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரை நேரம் தாண்டியிருந்தது. வண்டியில் ஏறியதுமே டிரைவரிடம் "சாக்கை" என்று சொல்லிவிடுங்கள், அது போதும்.

இரண்டாவது, வேறெங்கும் கேள்விப்படாத விஷயம். பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு நாளன்று மாலையில் சில மணி நேரம் ஓடுபாதையை மூடிவிடுவார்கள். சாமி ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடலுக்குப் போகும். 1932-இல் விமான நிலையம் வருவதற்கு முன்பிருந்தே அது சாமி போகிற வழி. அந்த இரண்டு நாளும் விமான நேரங்கள் முன்னே பின்னே தள்ளிப் போகும். டிக்கெட் எடுக்கும்போது பஞ்சாங்கத்தை ஒரு புரட்டு புரட்டுங்கள். விமானப் பயணத்துக்குப் பஞ்சாங்கம் பார்ப்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

மதுரையின் பலம் அது சின்னதாக இருப்பதுதான். வாசலிலிருந்து விமானம் வரை நடை குறைவு, வரிசை குறைவு, கேட்டால் தமிழில் பதில். போன தடவை கொழும்புக்குப் பெரியவர்களோடு போனபோது மதுரையில்தான் ஏறினோம். விமானம் பகலில், பறப்பதே ஏறக்குறைய ஒரு மணி நேரம். சக்கர நாற்காலி கேட்ட ஐந்து நிமிஷத்தில் வந்தது. இலங்கைக்கு, அதுவும் வயதானவர்களோடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு மதுரை என்பேன். மற்றவற்றுக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

கொச்சியைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. 1999-இல் திறந்தது, 2015-இலிருந்து முழுக்க சூரிய மின்சாரத்தில் ஓடுகிறது, பார்க்க அழகு. பாங்காக் மாதிரி ஊர்களுக்கு நேரடி விமானம் வேண்டுமென்றால் மட்டும் யோசிக்கலாம். காரில் போகாதீர்கள், நள்ளிரவுக்கு மேல் செங்கோட்டையில் பாலருவி எக்ஸ்பிரஸ் ஏறினால் ஆலுவா வரை ஒரே வண்டி, தூங்கிக்கொண்டே போகலாம்.

நான் கண்டுகொண்ட ஒன்று, ஊர்க்காரர்கள் யாரும் டிக்கெட் எடுக்கும்போது யோசிக்காத ஒன்று: திரும்பி வருகிற நேரம். போகும்போது உற்சாகம் எல்லாவற்றையும் தாங்கும். திருவனந்தபுரத்து வெளிநாட்டு விமானங்கள் பல ராத்திரியும் விடிகாலையுமாக வந்து இறங்குகின்றன. தூக்கம் கெட்ட டிரைவர், தூக்கம் கெட்ட நீங்கள், மலைப்பாதை. இறங்கும் நேரம் இரவு பத்துக்கு மேல் என்றால் நான் நகரத்திலேயே அறை போட்டு, காலையில்தான் கிளம்புவேன். அந்த அறை வாடகையையும் சேர்த்துப் பார்த்தால் 'மலிவு டிக்கெட்' சில நேரம் மதுரையோடு சமமாகிவிடும்.

எங்கே ஏறினாலும் மாறாதவை சில. பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது காலம் மீதி இருக்கட்டும். புதுப்பிக்க வேண்டுமென்றால் நமக்குத் திருநெல்வேலி சேவை மையம். சிங்கப்பூருக்கு முன்கூட்டியே விசா வேண்டும், அது பெரும்பாலும் முகவர் மூலமாகத்தான். போவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அதற்குக் காசு கிடையாது, காசு கேட்கிற தளம் என்றால் அது போலி. இந்திய ரூபாய் 25,000-க்கு மேல் கையில் கொண்டுபோகக் கூடாது. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டிக்குள் அல்ல. ஊறுகாய் நேர்மாறு: பெட்டிக்குள்தான், ஏனென்றால் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் போனால் திரவம் என்று எடுத்துவிடுவார்கள். மதினி மகளுக்கென்று எடுத்து வைத்திருந்த கொப்பரையைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கும் என்று 2022-இலிருந்து பெட்டியில் வைக்கத் தடை. "தேங்காய்க்குமா தடை?" என்று மூன்று முறை கேட்டார். கடைசியில் கருப்பட்டியும் அதிரசமும் போயின.

மதினி திருவனந்தபுரத்தில்தான் ஏறினார், ராத்திரி விமானம். திரும்பும்போது அறை போடச் சொன்னேன், கேட்கவில்லை. விடிகாலையில் இறங்கி, தென்மலையில் டீ குடித்துவிட்டு எட்டரை மணிக்குப் புளியரை வந்து சேர்ந்தார்கள். கேரளாவில் பறவைக் காய்ச்சல் என்று அங்கே கால்நடைத் துறை ஆட்கள் வண்டி டயருக்கெல்லாம் மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். "எங்கேருந்து வாறிய? கோழி, வாத்து ஏதும் இருக்கா?" என்று டிக்கியைத் திறக்கச் சொன்னார்களாம். சிங்கப்பூரில் இயந்திரத்தில் கட்டைவிரலை வைத்ததும் கதவு திறந்துகொண்டது, நம்ம புளியரையில் கால் மணி நேரம் என்று மதினி இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.