65 வயதில் கிடைக்கும் அந்த ஆறு மாதம்: மெடிகேர் அட்வான்டேஜில் நாங்கள் பட்ட பாடு

2023 நவம்பரில் என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தாள், அப்புறம் நடக்கப் பழக்கும் ரிஹாப் இல்லத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பதினான்காம் நாள் காலை, அலுவலகத்துப் பெண் ஒருவர் வந்து சாப்பாட்டுத் தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு, இரண்டு பக்கத் தாள் ஒன்றை வைத்துக் கையெழுத்துக் கேட்டார். நாளை மறுநாளோடு இன்சூரன்ஸ் பணம் தருவதை நிறுத்திக்கொள்கிறது என்று அதில் இருந்தது. ஏன் என்று போன் செய்து கேட்டேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு 50 அடி நடக்கிறார், மீதிப் பயிற்சியை வீட்டிலேயே செய்யலாம் என்றார்கள்.

அந்த 50 அடியை நான் கூடவே நடந்து பார்த்தவன். கட்டிலிலிருந்து சாப்பாட்டுக் கூடத்தின் வாசல் வரைக்கும். நடுவில் இரண்டு முறை நின்றாள். கைப்பிடியை இறுக்கிப் பிடித்ததில் விரல் மூட்டெல்லாம் வெளுத்திருந்தது. இடுப்பில் கட்டிய பட்டையைப் பயிற்சியாளர் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே வந்தார், ஒரு நொடிகூட விடவில்லை. எங்கள் வீட்டில் படுக்கையறை மாடியில் இருக்கிறது, 14 படி. ஒரு படியைக்கூட அவள் அதுவரை ஏறிப் பார்க்கவில்லை. நிறுத்தலாம் என்று முடிவு செய்தவர் அவளைக் கண்ணால் பார்த்தவரும் இல்லை.

நாங்கள் இருப்பது டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே. இங்கே ஓய்வு பெறும் நம்மவர்கள் இப்போது வருடா வருடம் கூடிக்கொண்டே போகிறார்கள். அவர்களில் ஒருவராவது இதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதற்கு முன் நிதானிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

2021 ஆகஸ்டில் எனக்கு 65 ஆனது. வேலையை விட்டேன், 65 வயதானவர்களுக்கு அமெரிக்க அரசாங்கம் தரும் மருத்துவ இன்சூரன்ஸான மெடிகேரில் சேர்ந்தேன். அதற்கு ஒரு மாதம் முன்பே நண்பர் ஒருவர் மூலமாக ஓர் ஏஜென்ட் வந்தார். நம்மூர்ப் பையன், வாய்க்கு வாய் அங்கிள், ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவார். எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, காபி குடித்துக்கொண்டே டேப்லெட்டில் ஒரு மெடிகேர் அட்வான்டேஜ் திட்டத்தைக் காட்டினார். மாதப் ப்ரீமியம் பூஜ்யம். பல், கண், காது எல்லாம் உண்டு. ஜிம் இலவசம். மருந்துக்குத் தனியாக எதுவும் எடுக்க வேண்டாம். "மெடிகேப் எடுத்தா ரெண்டு பேருக்கும் சேர்த்து வருஷத்துக்கு மூவாயிரம் டாலருக்கு மேல போகும் அங்கிள். எதுக்கு?" என்றார். மெடிகேர் கட்டாமல் விடும் செலவை அடைக்கும் பாலிசிதான் மெடிகேப். உங்கள் டாக்டரும் நெட்வொர்க்கில், அதாவது கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர்களில், இருக்கிறார் என்றார். சரி என்று டேப்லெட்டில் விரலால் கையெழுத்துப் போட்டேன். எதில் போடுகிறோம் என்று மேலே தள்ளிப் பார்க்கக்கூட இல்லை. 2022 மார்ச்சில் மனைவிக்கு 65 ஆனதும் அவளையும் அதே திட்டத்தில் சேர்த்தோம்.

அவர் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. சொல்லாமல் விட்டதுதான் எங்களை முடக்கிப் போட்டது.

விஷயம் இதுதான். அரசாங்கத்தின் ஒரிஜினல் மெடிகேரில் பார்ட் ஏ மருத்துவமனைக்கு, பார்ட் பி டாக்டர், பரிசோதனைகளுக்கு. பார்ட் பி-யில் டிடக்டிபிள் (முதலில் நாமே கட்ட வேண்டிய தொகை) போக, பெரும்பாலான செலவில் 20 சதவீதம் நம் தலையில் விழும், அதற்கு உச்ச வரம்பே கிடையாது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் மெடிகேப் என்ற தனியார் பாலிசி. பிளான் ஜி, பிளான் என் என்று எழுத்துகளால் சொல்வார்கள். இதற்கெல்லாம் பதிலாக மொத்தத்தையும் ஒரு தனியார் கம்பெனியின் கையில் கொடுத்துவிடுவதுதான் மெடிகேர் அட்வான்டேஜ், பார்ட் சி. அதிலும் பார்ட் பி ப்ரீமியத்தை நாம் கட்டிக்கொண்டேதான் இருக்க வேண்டும். 2025-ல் அது மாதம் 185 டாலர். பூஜ்யம் என்று ஏஜென்ட் சொல்வது அதற்கு மேல் வாங்கும் பணத்தை மட்டும்.

மெடிகேப்பில் ஒரு காலக்கெடு இருக்கிறது. 65 வயதாகி, பார்ட் பி தொடங்கிய மாதத்திலிருந்து ஆறு மாதம். அந்த ஆறு மாதத்துக்குள் எந்த மெடிகேப் கம்பெனிக்கு விண்ணப்பித்தாலும் உடல்நிலையைக் காரணம் காட்டி மறுக்கவோ கூடுதலாக ப்ரீமியம் கேட்கவோ முடியாது. என் மனைவி பல வருடமாக இன்சுலின் போடுகிறவள். 2022 மார்ச்சில் கேட்டிருந்தால் கொடுத்தே ஆகவேண்டும். இந்த ஆறு மாதம் வாழ்க்கையில் ஒரு முறைதான். அது போய்விட்டால் டெக்சாஸ் உட்படப் பெரும்பாலான மாநிலங்களில் கம்பெனிகள் நம் மருத்துவ வரலாறு முழுக்கத் துருவிப் பார்த்து வேண்டாம் என்று சொல்லலாம். நியூயார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ், மெயின் போன்ற சில மாநிலங்களில் சட்டம் இதைவிடத் தாராளமாக இருக்கிறது.

இன்னொரு வழியும் இருந்தது. 65-ல் மெடிகேருக்குத் தகுதி வந்ததுமே நேராக அட்வான்டேஜில் சேர்ந்தவர்கள், முதல் 12 மாதத்துக்குள் ஒரிஜினல் மெடிகேருக்குத் திரும்பினால், அப்போதும் உடல்நிலை கேட்காமல் மெடிகேப் கொடுக்க வேண்டும். எனக்கு அந்தப் 12 மாதம் 2022 ஜூலையில் முடிந்தது. அக்டோபரில் எனக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அந்த வருடம் முழுக்க ஏஜென்ட் எங்களுக்குத் தீபாவளி வாழ்த்து அனுப்பினார், பொங்கல் வாழ்த்து அனுப்பினார். இப்படி ஒரு வழி இருக்கிறது, இந்தத் தேதியோடு முடிகிறது என்று ஒரு வரி அனுப்பவில்லை.

ரிஹாப் கதைக்கு வருகிறேன். அந்தத் தாளின் ஓரிடத்தில் ஒரு போன் நம்பர் இருந்தது. சேவை முடியும் தேதிக்கு முந்தின நாள் நண்பகலுக்குள் அதில் கூப்பிட்டு மேல்முறையீடு செய்யலாம். இதை எனக்குக் காட்டிக் கொடுத்தவர் ரிஹாபில் இருந்த நர்ஸ் ஒருவர். அவர் சொல்லியிருக்காவிட்டால் நான் மூட்டை கட்டியிருப்பேன். கூப்பிட்டேன், பயிற்சியாளரின் குறிப்புகளை அனுப்பச் செய்தேன், ஜெயித்தோம். ஆறு நாள் கழித்து அதே மாதிரித் தாள் மறுபடியும் வந்தது. இரண்டாவது முறை தோற்றோம். படி ஏறப் பழகாமல் வீட்டுக்குக் கூட்டிப்போக எனக்குத் துணிவு வரவில்லை. ஒன்பது நாள், நாளுக்கு 340 டாலர் கைக்காசு போட்டு வைத்திருந்தேன். 3,060 டாலர். ஏஜென்ட் மிச்சம் பிடித்துத் தருவதாகச் சொன்ன ஒரு வருடத்துக் காசு.

ஒரிஜினல் மெடிகேர் என்றால் இவ்விதமான ரிஹாபுக்கு, தேவை இருக்கும்வரை, அதிகபட்சம் 100 நாள். முதல் 20 நாளுக்கு நாம் ஒன்றும் தர வேண்டாம். 21-ம் நாளிலிருந்து நம் பங்காக வரும் தினக் கட்டணத்தையும் பிளான் ஜி கட்டிவிடும். போதுமா போதாதா என்பதை அங்கே பார்க்கிற டாக்டரும் பயிற்சியாளரும்தான் சொல்வார்கள்.

எங்கள் ஒரு குடும்பத்துக்கு மட்டும் நேர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். மருத்துவக் கொள்கை பற்றி ஆராயும் கேஎஃப்எஃப் என்ற அமைப்பு 2023-ம் ஆண்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தது. அட்வான்டேஜ் கம்பெனிகளுக்கு வந்த முன் அனுமதிக் கோரிக்கைகள் சுமார் 5 கோடி. மறுத்தது 32 லட்சம். அதில் மேல்முறையீடு செய்தவர்கள் 11.7 சதவீதம்தான். செய்தவர்களில் 81.7 சதவீதம் பேருக்கு முழுதாகவோ பகுதியாகவோ அந்த முடிவு மாறியது. மீதிப் பேர் என்னவானார்கள்? பேசாமல் வீட்டுக்குப் போயிருப்பார்கள், அல்லது என்னைப் போலக் கைக்காசைப் போட்டிருப்பார்கள். யாராவது மறுப்புத் தாள் கொடுத்தால் அதன் கடைசி வரி வரைக்கும் படியுங்கள். அவசரம் என்றால் துரித மேல்முறையீடு என்று கேளுங்கள், 72 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

2024 ஜனவரியில் வெளியே வரப் பார்த்தேன். ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை அட்வான்டேஜிலிருந்து ஒரு முறை மாறிக்கொள்ளலாம், ஒரிஜினலுக்கும் திரும்பலாம். திரும்புவது சுலபம். மெடிகேப் கிடைக்க வேண்டுமே! மூன்று கம்பெனிகளில் கேட்டேன். போனில் ஒரு பெண்மணி தன்மையாகத்தான் கேட்டார். இன்சுலின் எத்தனை யூனிட், ஸ்டென்ட் எப்போது, எலும்பு முறிவு எப்போது என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, மன்னிக்கவும் என்றார். மூன்று இடத்திலும், இரண்டு பேருக்கும், அதே பதில். மெடிகேப் இல்லாமல் வரம்பில்லாத அந்த 20 சதவீதத்தைச் சுமக்க எங்களால் ஆகாது. அதனால் இன்னும் அட்வான்டேஜிலேயே இருக்கிறோம். நெட்வொர்க்குக்கு வெளியேயும் கொஞ்சம் போக வழியுள்ள பிபிஓ-வாக மாற்றிக்கொண்டோம், அவ்வளவுதான்.

ஏஜென்டைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அங்கிள், நீங்க அப்ப கேக்கவே இல்லையே" என்றார். இப்படி ஒன்று இருப்பதே தெரியாதவன் எதைக் கேட்பான்? அவர் கமிஷன் வாங்குவதில் எனக்கு வருத்தம் கிடையாது, அது அவர் தொழில். ஆனால் தெரிந்துகொள்ளுங்கள்: 2025 நிலவரப்படி டெக்சாஸில் ஒருவரைப் புதிதாக அட்வான்டேஜில் சேர்த்தால் 626 டாலர் வரை, அப்புறம் அவர் அதிலேயே இருக்கும் ஒவ்வொரு வருடமும் 313 டாலர் வரை ஏஜென்டுக்குக் கிடைக்கும். ஆலோசனை என்று நாம் நினைத்துக் கேட்டதற்கு வேறொருவர் பணம் தருகிறார்.

அட்வான்டேஜ் எல்லோருக்கும் கெடுதல் என்று நான் சொல்ல மாட்டேன். மெடிகேப் ப்ரீமியம் கட்ட முடியாதவர்களுக்கு, வருடச் செலவுக்கு ஓர் உச்ச வரம்பு இருப்பதே பெரிய துணை. தெரிந்து தேர்ந்தெடுங்கள், அதுதான் நான் கேட்பது. உங்கள் டாக்டர் இருக்கிறாரா என்பதை ஏஜென்டிடமோ கம்பெனியின் பட்டியலிலோ பார்க்காதீர்கள். டாக்டரின் ஆபீசில் பில் போடும் பிரிவைக் கூப்பிட்டு, திட்டத்தின் முழுப் பெயரையும் சொல்லிக் கேளுங்கள். அப்படியும், வருட நடுவில் டாக்டர் நெட்வொர்க்கை விட்டுப் போகலாம், எங்கள் எலும்பு டாக்டர் போனார். பழைய கம்பெனியில் ஓய்வூதியர் இன்சூரன்ஸ் இருந்தால், அட்வான்டேஜில் சேர்வதால் அது போய்விடுமா என்று முதலில் கேளுங்கள். போனால் பெரும்பாலும் திரும்ப வராது.

நம்மவர்களுக்கென்றே இன்னொன்று. வருடத்தில் பாதியை சென்னையிலோ மதுரையிலோ கழிப்பவர்கள் கவனியுங்கள். திட்டத்தின் எல்லைப் பகுதிக்கு வெளியே தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலான அட்வான்டேஜ் திட்டங்களிலிருந்து நீக்கிவிடுவார்கள். ஒரிஜினல் மெடிகேரும் இந்தியாவில் செலவு தராது. ஆனால் பிளான் ஜி, பிளான் என் போன்றவற்றில், பயணத்தின் முதல் 60 நாளுக்குள் வரும் அவசரச் சிகிச்சைக்கு, 250 டாலர் டிடக்டிபிளுக்குப் பிறகு 80 சதவீதம் கிடைக்கும். ஆயுளுக்கு 50,000 டாலர் வரை.

விற்பவரல்லாத ஒருவரிடம் கேட்க வழி இருக்கிறது. ஒவ்வொரு மாநிலத்திலும் ஷிப் என்ற இலவச ஆலோசனைத் திட்டம் உண்டு, டெக்சாஸில் அதற்கு ஹைகேப் என்று பெயர். அவர்கள் எதையும் விற்பதில்லை. மெடிகேரின் சொந்த எண் 1-800-633-4227, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். என் மைத்துனருக்கு வரும் ஜூனில் 65 ஆகிறது. ஹூஸ்டனில் இருக்கிறார். போன வாரம் அவர் வீட்டுக்குப் போனபோது பிரிட்ஜ் கதவில் ஓர் ஏஜென்டின் கார்டு ஒட்டியிருந்தது. அதன் பக்கத்திலேயே ஒரு தாளில் அவருடைய பார்ட் பி தொடங்கும் தேதியையும், அதிலிருந்து ஆறாவது மாதம் முடியும் தேதியையும் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்.