பழைய பிக்கப்பில் பிரேக் லைன் மாற்றியதாகச் சொன்னால் பூச்சைச் சுரண்டிப் பாருங்கள்

பழைய பிக்கப் ஓட்டுபவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள்.

பின்சக்கரத்துக்குப் பிரேக் ஆயிலைக் கொண்டுபோகும் மெல்லிய இரும்புக் குழாய், அதாவது பிரேக் லைன், துருப்பிடித்துக் கசிந்ததால் வண்டியை ஓர் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். லைன் முழுவதும் புதுசு என்று பில் கொடுத்தார்கள். அடியில் பளபளவென்று கறுப்புப் பூச்சு வேறு. "இனிமே துருவே வராது சார்" என்றார்கள்.

கொஞ்ச நாளிலேயே, லோடோடு சரிவில் இறங்கும்போது பெடல் சரேலென்று கீழே போய்விட்டது. பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி சர்க்யூட் இருந்ததால் முன்பிரேக் மட்டும் பிடித்தது. வண்டி நின்றது அதனால்தான்.

வேறொரு மெக்கானிக் பூச்சைச் சுரண்டிக் காட்டினார். மாற்றியிருந்தது ஒரு சாண் துண்டு! இரண்டு முனையிலும் கம்ப்ரெஷன் இணைப்பை (நட்டை முறுக்கினால் வளையம் நெருங்கிக் குழாயைப் பிடிக்கும் வகை) போட்டு, பழைய துருக் குழாயோடு முறுக்கிவிட்டிருந்தார்கள். அது தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற வகை. ஓங்கி மிதித்தால் பிரேக் லைனுக்குள் அழுத்தம் 70 பாரைத் தாண்டும்; அங்கே அந்த இணைப்புக்கு இடமே இல்லை. வெடித்தது அதை ஒட்டிய பழைய குழாய், கிளிப் பிடித்திருந்த இடத்தில்.

இந்த லைன் சேஸை ஒட்டியே ஓடுகிறது. ஒவ்வொரு கிளிப்பிலும் சேறும் ஈரமும் தங்கும். கடற்காற்றோ, பனிக்குச் சாலையில் தூவும் உப்போ சேர்ந்தால் அரிப்பு இன்னும் வேகமாகும். ஓரிடத்தில் ஓட்டை என்றால் மற்ற கிளிப் இடங்களும் அந்த நிலைக்கு வந்துகொண்டுதான் இருக்கும். துருவைச் சுத்தம் செய்யாமல் மேலே பூச்சு அடித்தால் ஈரம் உள்ளேயே நின்று தின்னும், கசிவும் கண்ணுக்குத் தெரியாது. எனக்கு அதிகக் கோபம் இந்தப் பூச்சின் மேல்தான். மறைப்பதற்கென்றே அடித்திருக்கிறார்கள்.

சரியான வேலை என்றால் லைன் முழு நீளத்துக்கும் மாற வேண்டும், முனைகளில் டபுள் ஃபிளேர் (குழாயின் வாயை விரித்து இரட்டையாக மடித்த விளிம்பு) இருக்க வேண்டும். செம்பு-நிக்கல் குழாய் கிடைத்தால் அதையே கேளுங்கள், இரும்பு மாதிரித் துருப்பிடிக்காது. ரப்பர் ஹோஸ், லோடுக்கு ஏற்ப பின்பிரேக் அழுத்தத்தை மாற்றும், பின் ஆக்ஸிலில் இருக்கும் லோடு வால்வு, சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டர் எல்லாவற்றையும் அப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள். பிரேக் ஆயிலும் புதுசாக இருக்கட்டும். அது ஈரத்தை இழுக்கும். டாட் 3 வகை பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறினால் 140 வரை இறங்கலாம்; ஆயில் கொதித்துவிட்டால் பிரேக் சரியாகப் பிடிக்காது.

வண்டியை எடுக்கும் முன் இன்ஜினை ஓடவிட்டுப் பெடலை அழுத்திப் பிடியுங்கள். மெல்ல மெல்ல இறங்கினால் ரோட்டுக்கு எடுக்காதீர்கள். பூச்சு அடிக்கும் முன் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், கழற்றிய பழைய லைனைக் கையில் வாங்குங்கள்.

திரும்பப் போய்க் கேட்டதற்கு, "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். மாற்றாத லைனுக்கு எப்படி பில் போட்டீர்கள் என்று கேட்டேன். இதுவரை பதில் இல்லை. பில்லையும் வெட்டியெடுத்த துண்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். நுகர்வோர் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன்.