முழங்கால் தேய்மானம்: ஊசியா, தொடைப் பயிற்சியா?

படி இறங்கினால் வலது முழங்காலில் சுருக்கென்று குத்தும். எக்ஸ்ரேயில் நடுத்தரத் தேய்மானம் என்று வந்தது. மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளலாம், இல்லையென்றால் தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி செய்யலாம் என்றார் டாக்டர். நான் பயிற்சிக்குப் போனேன். யாராவது கேட்டால் இன்றும் அதைத்தான் முதலில் சொல்வேன்.

ஊசியின் பலம் வேகம். வீங்கி, சூடாகி, ராத்திரி தூங்கவிடாத மூட்டுக்குச் சில நாட்களிலேயே நிம்மதி தரும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். ஊசிக்குப் பிறகு சில நாட்கள் சர்க்கரை ஏறும்.

ஆனால் அந்த நிம்மதி பெரும்பாலும் சில வாரங்கள்தான். சரி, திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டால்? 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 140 பேருக்கு 3 மாதத்துக்கு ஒருமுறை, 2 ஆண்டுகள் ஊசி போட்டார்கள். பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு, மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். வலியில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு மட்டும் ஸ்டீராய்டு போட்டவர்களுக்கு அதிகமாகத் தேய்ந்திருந்தது. எனக்கு இதுவே போதுமானதாக இருந்தது.

படி இறங்கும்போது உடம்பின் எடையைப் பிடித்து மெதுவாக இறக்குவது தொடையின் முன்பக்கத் தசை. வலிக்குப் பயந்து காலை அசைக்காமல் வைத்திருந்தால் அந்தத் தசை மெலிகிறது, சுமை மூட்டின் மேல் விழுகிறது, வலி இன்னும் கூடுகிறது. இந்தச் சுழலைத்தான் பயிற்சி உடைக்கிறது. தேய்ந்த குருத்தெலும்பு அதனால் வளராது.

தொடங்கியது மிக எளிதாகத்தான். காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்துக் கீழே அழுத்த வேண்டும். சரியாகச் செய்தால் முட்டிச்சில்லு மேலே ஏறும்; முட்டிக்குச் சற்று மேலே, உள்பக்கமாகக் கை வைத்தால் தசை கல்லாக இறுகுவது தெரியும். ஐந்து எண்ணி விட வேண்டும். அப்புறம் காலை நேராகத் தூக்குவது. அதற்கப்புறம் நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. எழும்போது மட்டுமல்ல, தொப்பென்று விழாமல் மெதுவாக உட்காருவதிலும் தொடைக்கு வேலை இருக்கிறது. செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையிலும் வலி கூடியிருந்தால் குறைத்துக்கொள்ள வேண்டும்.

முடிவெடுக்கும் முன் ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டியது, இதை விடாமல் செய்ய முடியுமா என்பதைத்தான். பல ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2015 அறிக்கையின்படி, உடற்பயிற்சிக் காலம் முடிந்த கையோடு 100 புள்ளி வலி அளவுகோலில் சுமார் 12 புள்ளி குறைந்திருந்தது. அது முடிந்து 2 முதல் 6 மாதம் கழித்துப் பார்த்தால் மிஞ்சியது சுமார் 6 புள்ளிதான். அதனால் வீட்டிலேயே, சமையலறை நாற்காலியிலேயே செய்ய முடிகிற பயிற்சிதான் நிலைக்கும். நான் காலையில் பால் காயும் நேரத்தை இதற்கென்று வைத்திருக்கிறேன். சில மாதங்களில், கைப்பிடியைப் பிடிக்காமல் மாடிப்படி இறங்க முடிந்தது.

ஜிம்முக்குப் போய்ப் பெரிய எடை தூக்க வேண்டுமா? 2021இல் 377 பேரை 18 மாதம் கவனித்த ஆய்வில், கடும் எடைப்பயிற்சி செய்தவர்களின் வலி மிதமாகச் செய்தவர்களைவிடக் குறையவில்லை. ஆரோக்கிய வகுப்புக்கு மட்டும் வந்தவர்களைவிடவும் குறையவில்லை. ஆகவே அதிசயம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனாலும் 2020இல் 156 பேரிடம் ஊசியையும் பிசியோதெரபியையும் நேருக்கு நேர் ஒப்பிட்டபோது, ஓராண்டு கழித்து வலியும் சிரமமும் குறைவாக இருந்தது பிசியோதெரபி பக்கம்தான். அதில் பயிற்சியோடு, கையால் மூட்டைத் தளர்த்தும் சிகிச்சையும் இருந்தது.

கால் வில்லாக வளைந்துவிட்டவர்களுக்கு என் அனுபவம் பொருந்தாது. அது எலும்பு டாக்டர் பார்த்து முடிவெடுக்க வேண்டியது. வீக்கத்தால் காலை அசைக்கவே முடியவில்லை என்றால், ஒரு ஊசி போட்டு அடங்கியதும் பயிற்சியைத் தொடங்கலாம். பிசியோவிடம் போனால், கரண்ட் (மின்தூண்டல் சிகிச்சை) வைத்ததோடு எழுந்து வந்துவிடாதீர்கள். பயிற்சியை அவர் முன்னாலேயே செய்துகாட்டி, சரியா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.